ஏழாம் புரவிக்கு ஒரு போஸ்டர்

மதுரையில் பிளெக்ஸ் டிசைன் பண்ணிப் பிழைக்கிறவர்களுக்குப் பேன்டஸி ஒன்றும் புதுசு இல்லை. காதுகுத்துக்கு வரும் தாய்மாமனைச் சிங்கத்தோடு நடக்க விட்டிருக்கிறேன். பூப்புனித நீராட்டு விழாப் பாப்பாவை மேகத்துக்கு மேலே அன்னத்தேரில் உட்கார வைத்திருக்கிறேன். ஒரு கல்யாண பிளெக்ஸில் மாப்பிள்ளையின் கூட்டாளிகள் அத்தனை பேரும் ஹெலிகாப்டரிலிருந்து இறங்க வேண்டும் என்றார்கள். இறக்கினேன். அதனால் சிம்மக்கல் பக்கம் இருக்கும் எங்கள் கடைக்கு விஸ்காம் (விஷுவல் கம்யூனிகேஷன்) மாணவர்கள் வந்து, “அக்கா, எங்க குறும்படத்துக்கு ஒரு பேன்டஸி போஸ்டர் வேணும்” என்றதும், “சிங்கமா, டிராகனா?” என்று கேட்டேன். அவர்கள் சிரிக்கவில்லை. இயக்குநர் தம்பி பென்டிரைவை எடுத்து நீட்டினான்.

அதில் ‘ரெஃபரன்ஸ்’ என்று ஒரு ஃபோல்டர். எல்லாம் ஒரே படம் மாதிரிதான் இருந்தது. மேலே பெரிய முகம், அதற்குக் கீழே கொஞ்சம் சின்ன முகங்கள், நடுவில் மின்னும் வாள், ஒரு பக்கம் ஆரஞ்சு, மறுபக்கம் நீலம், அடியில் நெருப்புப் பொறி. “இதே ஃபீல்ல வேணும்க்கா.” சரி, முதலில் படத்தைக் காட்டுங்கள் என்றேன்.

படத்தின் பெயர் ‘ஏழாம் புரவி’, இருபத்து நாலு நிமிடம். ஊர் எல்லையில் அய்யனார் கோயில், அதன் முன்னால் வரிசையாக ஏழு மண் குதிரைகள். ஏழாவது குதிரைக்கு மட்டும் விடியற்காலையில் குளம்பு ஈரமாக இருக்கும். கண்மாய் வற்றிப் பல வருஷமாகிவிட்ட ஊரில் ஈரம் எங்கிருந்து வருகிறது என்று பார்க்க, ஆறாம் வகுப்புப் படிக்கும் ஒரு பெண் ராத்திரி டார்ச்சை எடுத்துக்கொண்டு கிளம்புகிறாள். அவ்வளவுதான் கதை. குதிரை நடப்பது ஒரே ஒரு ஷாட்டில் வருகிறது, அதிலும் கால் மட்டும். பிளெண்டர் என்ற அனிமேஷன் மென்பொருளில் அவர்களே செய்தது. மற்ற இடங்களில் சத்தத்தை வைத்தே ஒப்பேற்றியிருந்தார்கள். பானையோடு பானையை உரசிப் பதிவு பண்ணியிருக்கிறார்கள். அந்தச் சத்தம் இருட்டில் நெருங்கி வரும்போது எனக்குக் கை மயிர் நின்றது.

வாள் இல்லை. நெருப்புப் பொறி இல்லை. முகங்களை அடுக்கலாம் என்றால் படத்தில் மொத்தமே மூன்று பேர், அதில் ஒருவர் நாலு நிமிடத்தில் ஊருக்குப் போய்விடுகிறார். இந்தப் படத்துக்கு வாள் போட்டுப் போஸ்டர் அடித்தால், வருகிறவன் கடைசி வரைக்கும் சண்டைக்காகக் காத்துக்கொண்டிருப்பான். மண் குதிரையின் சத்தம் அவன் காதில் ஏறாது. பெரிய படம் விளம்பரத்தில் கொஞ்சம் பொய் சொல்லித் தப்பிக்கலாம். மாணவர் படத்துக்கு அந்த வசதி இல்லை. பார்க்கிற ஐம்பது பேரும் தெரிந்தவர்கள், படம் முடிந்ததும் வாசலிலேயே கேட்பார்கள்.

எனக்கு என்ன தோன்றியது என்றால், இதில் மாயம் மினுமினுப்பில் இல்லை, அளவில் இருக்கிறது. கோவில்பட்டி கொண்டையா ராஜு (1898–1976) வரைந்த நாட்காட்டிப் படங்களைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். அவர் படத்தில் தெய்வம் சட்டத்தை நிறைத்துக்கொண்டு நிற்கும். பின்னால் இருக்கிற மலையும் கோபுரமும் கைக்குள் அடங்கும். எது பெரியது, எது சின்னது என்று ஒரு பார்வையில் தெரிந்துவிடும், பக்தி தானாக வரும். எங்கள் பாட்டி வீட்டில் ஆணி அடித்து மாட்டியிருந்த அந்த மாதிரி லட்சுமி படம்தான் எனக்கு முதல் டிசைன் வகுப்பு. ஆகவே குதிரை பெரிசு, பெண் சின்னவள். குதிரையை முழுதாகக்கூடக் காட்ட வேண்டாம். குளம்பும் காலும் நெஞ்சும் மட்டும் போதும், தலை மேலே இருட்டுக்குள் போகட்டும். காலடியில் டார்ச்சோடு பெண். பென்சிலில் கிறுக்கிக் காட்டினேன். கேமரா பார்த்த பொண்ணுக்கு உடனே பிடித்துவிட்டது. இயக்குநர் தம்பி, “குதிரைக் கண்ணாவது லைட்டா எரியட்டும்க்கா” என்றான். பார்க்கலாம் என்று வைத்தேன். எங்கள் தொழிலில் ‘பார்க்கலாம்’ என்றால் இல்லை என்று அர்த்தம்.

படத்திலிருந்து ஃபிரேம் எடுத்துத் தருகிறோம் என்றார்கள். இது மாணவர் படங்களில் வழக்கமாக வரும் தலைவலி. ஷூட்டிங்கில் ஸ்டில் எடுக்க ஆள் வைத்திருக்க மாட்டார்கள். நாலு கே வீடியோவின் ஒரு ஃபிரேம் 3840க்கு 2160 பிக்ஸல். அதை நெட்டுவாக்கில் வெட்டினால் 1440க்கு 2160தான் மிஞ்சும். டபுள் கிரவுன் அளவு, அதாவது 20க்கு 30 அங்குலத்தில் அதைப் போட்டால் அங்குலத்துக்கு 72 பிக்ஸல். தூரத்தில் நின்று பார்க்கும் பிளெக்ஸுக்கு அது தாங்கும், கையில் பிடித்துப் பார்க்கும் தாளுக்குத் தாங்காது. தவிர, வீடியோவில் ஷட்டர் மெதுவாக ஓடும். அசைகிற எதுவும் தனி ஃபிரேமில் கலங்கலாகத்தான் இருக்கும். அந்தப் பெண் திரும்பும் இடத்தில் நிறுத்திப் பார்த்தேன், டார்ச் இருந்த இடத்தில் ஒரு வெள்ளைக் கோடு.

சரி, குதிரையை நாமே போய் எடுத்துவிடலாம் என்று புதுக்கோட்டைப் பக்கம் அவர்கள் ஷூட்டிங் நடத்திய ஊருக்கே போனோம். வழியில் இயக்குநர் தம்பிக்குக் குளமங்கலம் பெருங்காரையடி மீண்ட அய்யனார் கோயில் குதிரை மேல் ஆசை வந்துவிட்டது. முப்பது அடிக்கு மேல் உயரம், மாசி மகத்துக்குக் காகிதப்பூ மாலையாக வந்து குவியும் இடம். “இதையே எடுத்துட்டா அளவு தானா வந்துரும்ல?” நியாயமான கேள்விதான். ஆனால் அது காரை பூசிக் கட்டி எழுப்பிய சுதைக் குதிரை. எங்களுக்கு வேண்டியது சூளையில் வெந்த மண். அதன் தோலே வேறு.

அந்தத் தோலை நான் அதுவரை கிட்டத்தில் பார்த்ததில்லை. மண்பாண்டம் செய்யும் வேளார்களின் குதிரை ஒரே உருண்டையாக வருவதில்லை. கால் நாலும் தனித்தனிக் குழாயாக எழும், அதன் மேல் வயிறு, அதன் மேல் கழுத்து, கடைசியில் தலை. உள்ளே முழுக்கக் கூடு. சூடு வெளியேற வயிற்றில் வட்டமாக ஓட்டை விட்டிருப்பார்கள். நான் குனிந்து அந்த ஓட்டை வழியாக டார்ச் அடித்துப் பார்த்தேன். வெளிப்பக்கம் நகையும் மணியும் சேணமும் வைத்து வழவழப்பாக இருக்கிற குதிரை, உள்பக்கம் முழுக்க விரல் தடம். மண்ணை அப்பி அப்பி இழுத்த நாலு விரல் வரிசை வரிசையாக அப்படியே வெந்து போயிருந்தது. உமி கருகிப் போன சின்னச் சின்னக் குழிகள். மூக்குத் துளைக்குள் ஒரு குளவி தன் பங்குக்கு மண் கூடு கட்டியிருந்தது. சுண்ணாம்பு பூசிய இடம் மழையில் கரைந்து முன்னங்கால் வழியாக வடிந்து காய்ந்திருந்தது. அந்தச் சுண்ணாம்புக் கோட்டைப் பார்த்ததும் போஸ்டரின் வெளிச்சம் எங்கே விழ வேண்டும் என்று முடிவாகிவிட்டது.

பூசாரி ஐயாவும் வேளார்தான். அந்தப் பக்கத்து அய்யனார் கோயில்கள் பலவற்றில் குதிரை செய்கிறவர்களே பூசையும் செய்வார்கள். மண் குதிரைகளை ஊர்வலமாகக் கோயிலுக்கு எடுத்துப் போகும் புரவி எடுப்பு விழாவுக்கு, ஊர்க்காரர்கள் பிடிமண், அதாவது ஒரு பிடி மண், கொடுத்த பிறகுதான் வேலையைத் தொடங்குவது என்று கதை கதையாகச் சொன்னார். செருப்பைக் கழற்றிவிட்டு, போட்டோ எடுத்துக்கொள்ளலாமா ஐயா என்று கேட்டேன். “குதிரைய எடுத்துக்க தாயி. சாமிய எடுக்காத. அப்புறம், ஒடஞ்சு கெடக்கிறத கம்ப்யூட்டர்ல ஒட்டிப் போட்றாத” என்றார். நேர்ந்துவிட்ட குதிரை உடைந்தால் அப்படியே விட்டுவிடுவதுதான் முறையாம், மண் மண்ணோடு போகும். போஸ்டரில் இடது காதைக் காணவில்லையே என்று கேட்கிறவர்களுக்கு இதுதான் பதில். தலை பாதி இருட்டில் இருப்பதால் கவனித்தவர்களும் குறைவு.

கேமராவை மூன்று காலில் வைத்தால் குதிரை குதிரை அளவில்தான் தெரிந்தது. மணல் பையைத் தரையில் போட்டு, அதன் மேல் கேமராவைப் படுக்க வைத்து, குளம்புக்கு ஒரு முழம் தள்ளி வைட் லென்ஸில் எடுத்தோம். ஆறடிக் குதிரை கோபுரமாகிவிட்டது. பொழுது சாய்ந்து வானம் இன்னும் முழுசாகக் கறுக்காத நேரம். ஒருத்தன் பக்கவாட்டில் நின்று மூணு கட்டை டார்ச்சைக் காலின் மேலாக ஓட விட்டான். கீழிருந்து மேலே ஒன்றன் மேல் ஒன்று படியும்படி துண்டு துண்டாக எடுத்துப் பிறகு ஒட்டினேன், பிக்ஸல் பஞ்சம் தீர்ந்தது. பெண்ணை அங்கே கூட்டிப் போகவில்லை. பள்ளி நாள். அவளைக் கடை மொட்டை மாடியில் வைத்து, அதே பக்கத்திலிருந்து டார்ச் வெளிச்சம் விழும்படி எடுத்தேன்.

இனி அச்சு. இங்கேதான் விஷயமே இருக்கிறது.

ராத்திரி என்றாலே நீலம் என்று சினிமா நம்மைப் பழக்கி வைத்திருக்கிறது. மாணவர்களும் வீடியோவில் நீலத்தை ஏற்றி வைத்திருந்தார்கள். மொபைலில் அந்த நீலம் மின்னும். ஏனென்றால் மொபைல் வெளிச்சத்தால் நிறம் காட்டுகிறது. அச்சில் சியான் என்ற வெளிர் நீலம், மெஜந்தா என்ற ரோஸ், மஞ்சள், கறுப்பு என்று நாலு மைதான். சியானையும் மெஜந்தாவையும் கலந்து அந்த நீலத்தைப் பிடிக்கவே முடியாது. ஒன்று சாம்பல் பூக்கும், இல்லையென்றால் கத்தரிப்பூ நிறத்துக்குச் சாயும். இருட்டு ஆழமாக வேண்டும் என்று நாலு மையையும் அள்ளிப் போட்டால் தாள் குடிக்காது. ஒரு மை முழுசாக விழுந்தால் நூறு சதவீதம் என்று கணக்கு. வழவழப்பான ஆர்ட் பேப்பரே நாலும் சேர்த்து முந்நூறு சதவீதத்தைத் தாண்டினால் திணறும், காயாமல் அடுத்த தாளின் முதுகில் ஒட்டும். சும்மா ஒரு பிரதி டிஜிட்டலில் அடித்துக் காட்டினேன். மண் குதிரை, இருட்டு, பெண் எல்லாம் ஒரே சேறு. தம்பிகள் முகம் விழுந்துவிட்டது.

நான் அதைக் காட்டியதே வேறு ஒரு யோசனைக்கு அவர்களைத் தயார்ப்படுத்தத்தான். எங்கள் கடைக்கு ரெண்டு கடை தள்ளி ஸ்கிரீன் பிரிண்டிங் அண்ணன் ஒருவர் இருக்கிறார். ஃபிரேமில் இழுத்துக் கட்டிய மெஷ், அதாவது வலைத்துணி, வழியாக மையைத் தள்ளி அடிப்பதுதான் ஸ்கிரீன் பிரிண்டிங். கல்யாணப் பத்திரிகை, தாம்பூலப் பை, இதுதான் அவர் தொழில். அரக்கு அட்டையில் தங்க மை அடித்தால் தங்கம் தனியாக நிற்கும் இல்லையா, அது ஸ்கிரீன் பிரிண்டிங்கின் குணம். வழக்கமான ஆஃப்செட் அச்சின் மை மெல்லியது, கண்ணாடி மாதிரி அடியில் இருப்பதைக் காட்டும், கறுப்புத் தாளில் போட்டால் காணாமல் போகும். ஸ்கிரீன் மை கெட்டி, கறுப்பின் மேலேயே உட்காரும். அப்படியானால் இருட்டை எதற்கு அச்சடிக்க வேண்டும்? கறுப்பு சார்ட் தாளையே வாங்கிவிடலாம், வெளிச்சத்தை மட்டும் அடிக்கலாம்.

சார்ட் தாள் 22க்கு 28 அங்குலம். பாதியாக வெட்டினால் 14க்கு 22. தாம்பூலப் பைக்கு அண்ணன் வைத்திருக்கும் பெரிய ஃபிரேமில் சரியாக அடங்கியது. டபுள் கிரவுன் கனவைத் தூக்கிப் போட்டேன். சுவரில் ஒட்டுகிற போஸ்டரா என்ன, மைதாப் பசை காயும் முன் மாடு வந்து தின்றுவிட்டுப் போக! கல்லூரி நோட்டீஸ் போர்டு, டீக்கடை, புத்தகக் கடை, திரையிடும் அரங்க வாசல், இவ்வளவுதான். நூறு பிரதி போதும். நூறு பிரதிக்கு ஆஃப்செட் பிளேட் போடுவது வீண் செலவு, ஸ்கிரீனுக்கு அது அளவான வேலை.

ரெண்டே மை. ஒன்று சுண்ணாம்பு வெள்ளை, கொஞ்சம் மஞ்சள் கலந்தது. இன்னொன்று செங்கல் சிவப்பு. ரெண்டு மையில் மூன்று நிறம் வாங்கினோம். சிவப்பைக் கறுப்புத் தாளின் மேல் நேராகப் போட்டால் அமுங்கிப் போய்ச் சூளைக் கரி ஏறிய ஓடு நிறத்தில் நிற்கும், அது குதிரையின் நிழல் பக்கம். முதலில் வெள்ளையைப் போட்டு அதன் மேல் சிவப்பைப் போட்டால் சுட்ட மண்ணின் பளிச்சென்ற நிறம், அது டார்ச் விழும் பக்கம். வெள்ளை மட்டும் தனியாக நிற்பது வடிந்த சுண்ணாம்பு, டார்ச் ஒளி, பெண்ணின் சட்டை. சிவப்பை வெள்ளையைவிட ஒரு மயிரிழை அகலமாக விட்டேன், தாள் கொஞ்சம் நகர்ந்தாலும் ஓரத்தில் வெள்ளை எட்டிப் பார்க்காது.

நிழலிலிருந்து வெளிச்சத்துக்குப் போகும் இடம் புள்ளிகளால் ஆக வேண்டும். பத்திரிகைப் படம் மாதிரி நைசான புள்ளி போட்டால் மெஷ்ஷில் மை அடைத்துக்கொள்ளும். அங்குலத்துக்கு முப்பத்தைந்து புள்ளி என்று முரட்டுத்தனமாக வைத்தேன். கிட்டத்தில் பார்த்தால் புள்ளி புள்ளியாகத் தெரிகிறதே என்று அண்ணன் கவலைப்பட்டார். தெரியட்டும் அண்ணே, மண்ணும் அப்படித்தானே இருக்கிறது என்றேன். ஸ்கிரீனில் படத்தை இறக்குவதற்கான பிரதியைப் பாசிட்டிவ் என்போம், அதை ஒரே தாளில் எடுக்கும் பெரிய மெஷின் எங்களிடம் இல்லை. ஏ3 லேசர் பிரிண்டில் ரெண்டு துண்டாக எடுத்து, எண்ணெய் தடவி ஒளி ஊடுருவ விட்டு ஒட்டினோம். ஒட்டு, மையே விழாத வயிற்று இருட்டில் வருகிற மாதிரி வெட்டியதில் எனக்குக் கொஞ்சம் பெருமை உண்டு.

மூன்றாவதாக ஒரு ஸ்கிரீன் போட்டோம். அதில் நிறமே இல்லை, பளபள வார்னிஷ் மட்டும். ஏழாம் குதிரையின் குளம்புக்கும், அதிலிருந்து தாளின் ஓரம் வரை போகும் கால் தடங்களுக்கும். நேராகப் பார்த்தால் தடம் தெரியாது, கறுப்புத் தாளில் கறுப்பு. தாளைச் சாய்த்தால், அல்லது பார்க்கிற ஆள் நடந்து கடந்து போனால், குளம்பு நனைந்து மின்னும், ஈரத் தடம் வரிசையாக எழும்பி வரும். கல்யாணப் பத்திரிகையில் பிள்ளையாருக்குப் போடுகிற அதே வார்னிஷ்தான். குதிரைக் கண் எரிய வேண்டும் என்று கேட்டுக்கொண்டிருந்த தம்பி, முதல் தாளைச் சாய்த்துப் பார்த்ததோடு அந்தப் பேச்சை விட்டான்.

தலைப்பெழுத்து பற்றி ஒரு பத்தி. ‘ழ’வின் வாலைக் குதிரை வாலாக்கலாம் என்று ஒரு யோசனை வந்தது. வராமல் இருக்குமா! இந்த மாதிரி யோசனைகள் முதல் நிமிடத்தில் வரும், பத்தாவது நிமிடத்தில் போய்விட வேண்டும். நான் பிரஷ்ஷில் எழுதவில்லை. ஈரக் களிமண்ணைப் பலகையில் தட்டி, விரலால் எழுதி, காய விட்டுப் பக்கவாட்டு வெளிச்சத்தில் எடுத்துக்கொண்டேன். ‘பு’வின் அடியில் விரல் திரும்பிய இடத்தில் மண் ஒதுங்கிக் கரை கட்டியிருந்தது. அதைத் திருத்தாமல் விட்டேன்.

சின்ன எழுத்துகள்தான் பாடாய்ப் படுத்தின. அவர்களே ஃபோட்டோஷாப்பில் பெயர்களை அடித்துக்கொண்டு வந்திருந்தார்கள். எழுத்து எஞ்சினைத் தெற்காசிய மொழிகளுக்கு மாற்றாமல் அடித்ததால் ‘படத்தொகுப்பு’வில் கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம். ‘இசை’யில் ஐகாரம் சகரத்துக்குப் பின்னால் போய் நின்றது. ஊரில் பாதி பேனர்கள் இப்படித்தான் இருக்கின்றன, யாரும் கேட்பதில்லை. அப்புறம் ஹாலிவுட் போஸ்டரில் அடியில் வருமே, ஒல்லி ஒல்லியாக நெருக்கிய பெயர்கள், அதே மாதிரி வேண்டுமாம். அங்கே அது அழகுக்கு வந்ததில்லை. தலைப்பின் உயரத்தில் இத்தனை பங்கு உயரத்தில் பெயர் வர வேண்டும் என்று ஒப்பந்தம் போடுவார்கள், உயரத்தைக் குறைக்க முடியாததால் அகலத்தை நசுக்கினார்கள். நமக்கு யாரோடும் ஒப்பந்தம் இல்லை. தமிழ் எழுத்தை நசுக்கினால் ‘ண’வின் சுழிகள் ஒன்றோடொன்று ஒட்டி, வெள்ளை மையில் உருண்டையாக அடைத்துவிடும். முக்தா மலர் எழுத்துருவில் நடுத்தரக் கனத்தில், பெயர்களை ரெண்டே வரியில் விட்டேன். குதிரை செய்த வேளார் ஐயா பெயரும் அதே அளவில் அதே வரியில் இருக்கிறது. அதைக் கேட்டது இயக்குநர் தம்பிதான்.

ஷூட்டிங் முழுக்கச் சாப்பாட்டுச் செலவு பார்த்துக்கொண்டவர் அவன் தாய்மாமன். அவர் படம் ஓரமாக ஒரு வட்டத்துக்குள் வர வேண்டும் என்று வீட்டிலிருந்து போன் மேல் போன். போஸ்டரில் முடியாது என்றேன். பையன் தர்மசங்கடத்தில் நெளிந்தான். பிறகு, அரங்க வாசலுக்குத் தனியாக ஒரு வரவேற்பு பிளெக்ஸ் போட்டு, அதில் மாமாவை ஏழு குதிரை பூட்டிய தேரில் ஏற்றினேன், பக்கத்தில் சிங்கமும் உண்டு. அன்றைக்குப் போஸ்டர் முன்னால் நின்றவர்களைவிட அந்த பிளெக்ஸ் முன்னால் செல்பி எடுத்தவர்கள் அதிகம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். மாமா எனக்குத் தனியாக ஐந்நூறு ரூபாய் கொடுத்தார்.

வாட்ஸ்அப்புக்கும் இன்ஸ்டாவுக்கும் வேறு பதிப்பு செய்ய வேண்டியிருந்தது. அங்கே வார்னிஷ் வேலைக்காகாது. தாளைக் கையில் பிடித்து மெதுவாகச் சாய்ப்பதைப் பத்து விநாடி வீடியோவாக எடுத்துப் போட்டார்கள். அது என் யோசனை இல்லை, கேமரா பொண்ணுடையது. யூடியூப் தம்ப்நெயிலுக்குக் குளம்பும் தலைப்பும் மட்டும் வைத்துக் கொடுத்தேன். கீழே வலது மூலையில் நேரம் காட்டும் பட்டை வந்து உட்காரும், அந்த இடத்தில் எழுத்து எதுவும் வைக்காதீர்கள்.

திரையிடல் முடிந்த மறுநாளே இன்னும் நாற்பது பிரதி கேட்டு வந்தார்கள். அதற்குள் வைகாசி முகூர்த்த வேலை குவிந்து, அண்ணன் மூன்று மெஷ்ஷையும் கழுவிவிட்டார். இப்போது குதிரை இருந்த ஃபிரேமில் யாரோ ஒரு வீட்டுக் கல்யாணத்துக்குத் தாம்பூலப் பை ஓடிக்கொண்டிருக்கிறது. பாசிட்டிவ்வைப் பத்திரமாகச் சுருட்டி வைத்திருக்கிறேன். ஆடியில் வாங்கப்பா, அப்போது அண்ணனுக்கும் வேலை இருக்காது, எனக்கும் இருக்காது என்று சொல்லி அனுப்பினேன்.